கரும்பலகையில் படம் போடாதீர்கள்

அரசு தொடக்கப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் பணியிடமே கிடையாது. பகுதிநேர ஓவிய ஆசிரியர்கள்கூட ஆறாம் வகுப்பிலிருந்துதான். ஒன்று முதல் ஐந்து வரை தமிழும் கணக்கும் நடத்துகிறவர்தான் ஓவியமும் நடத்த வேண்டும். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஓவியம் என் பொறுப்பு. "எனக்கே படம் வராதே" என்று தயங்கும் சக ஆசிரியர்களிடம் நான் சொல்வது, வராதவரைக்கும் நல்லது. நன்றாக வரைகிறவர் பலகையில் ஒரு மயில் போடுவார். வகுப்பு முழுக்க அதே மயில், அதே பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்.

"ஏதாவது வரைங்க" என்று விட்டுவிட்டாலும் சரிவராது. இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, குடிசை, தென்னை மரம், டிக் அடித்தாற்போல் நாலு பறவை. மலையே பார்க்காத ஊர்ப் பிள்ளைகளும் இதைத்தான் போடுவார்கள். கேள்வியை நாம்தான் குறுக்க வேண்டும். 'வீடு வரை' என்று நான் சொல்வதில்லை. "நேத்து ராத்திரி உங்க வீட்டுல யார் யார் எங்கே படுத்திருந்தீங்க?" என்று கேட்பேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி போட்ட வீட்டில் சுவருக்கு உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது: கேஸ் சிலிண்டர், கட்டிலில் ஆயா, கட்டிலுக்கடியில் பஞ்சாரத்துக் கோழி. 'சுவர் இருக்கையில் இதெல்லாம் எப்படித் தெரியும்?' என்று திருத்தப் போகாதீர்கள். ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகள் அறிந்து வைத்திருப்பதையெல்லாம் படத்துக்குள் கொண்டுவருவார்கள். கலைக் கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வெளியிட்ட நூலில் இந்தப் பருவத்தை விரிவாகவே எழுதியிருக்கிறார்.

நிறம்தான் பெரிய சங்கதி. "டீச்சர், ஸ்கின் கலர் எங்க?" என்று கேட்டு, டப்பாவில் இருக்கும் வெளிறிய ரோஸ் கிரேயானை எடுத்து அம்மாவுக்குப் பூசுவார்கள். நான் அந்தக் கிரேயானை என் கையோடு சேர்த்து வைத்துக் காட்டுவேன். அவர்களும் தங்கள் கையோடு வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டாது. அப்புறம் மஞ்சள் மேல் ஆரஞ்சு, அதன்மேல் பழுப்பை மெதுவாகத் தேய்த்துப் பார்ப்போம். தன் கையின் நிறம் காகிதத்தில் வந்துவிட்டால் பக்கத்துப் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டாமல் இருக்கமாட்டார்கள். இந்த ஒரு பாடத்தை எந்த வகுப்பிலும் நான் விடுவதில்லை.

கிரேயான் தீர்ந்துபோன மாதங்களில் சமையலறையே கடை. மஞ்சள் தூள் கரைசலில் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டால் சிவப்பு (சுண்ணாம்பை ஆசிரியர் மட்டும் தொடட்டும்). சங்குப்பூவைக் கசக்கிய நீல நீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா. அடுப்புக்கரி, செங்கல் பொடி. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் அச்சு.

வடிவமைப்பு என்றதும் பயப்பட வேண்டாம். பிள்ளைகளுக்கு அது, ஓர் உபயோகத்துக்காகப் பொருள் செய்வது, அவ்வளவுதான். பழைய கல்யாணப் பத்திரிகையில் புத்தக அடையாள அட்டை செய்யச் சொன்னேன். செய்ததைப் புத்தகத்தில் வைத்துத் தலைகீழாக ஆட்ட வேண்டும், அதுதான் பரீட்சை. ஜிகினா ஒட்டி ஜோடித்தவை முதலில் விழுந்தன. ஒரு பையன் அட்டையின் நுனியில் நாக்கு மாதிரி வெட்டிப் பக்கத்தைக் கவ்வவைத்திருந்தான், அது விழவில்லை. அடுத்த வாரம் வகுப்பே நாக்கு வெட்டியது. மயிலைப் பார்த்துப் போடுவதற்கு நான் எதிரி, இதற்கு இல்லை. ஏன் வெட்டுகிறோம் என்று கேட்டால் ஒவ்வொருவரும் பதில் சொன்னார்கள்.

மதிப்பெண், ஸ்டார் எதுவும் போடுவதில்லை. பிள்ளையின் படத்தில் நம் பேனா படவே கூடாது. பின்பக்கம் தேதியும், படத்தைப் பற்றி அந்தப் பிள்ளை சொன்ன ஒரு வரியும் எழுதி வைத்தால் போதும். வருடக் கடைசியில் பெற்றோரிடம் காட்ட அதைவிட நல்ல ரெக்கார்டு இல்லை.

எங்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு காகிதம்தான். வீட்டில் கிடக்கும் பழைய காலண்டர் தாள், பத்திரிகை அட்டை, ஒருபக்கம் அச்சான ஏ4 தாள் எதையும் எடைக்குப் போடாமல் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுங்கள்.