டாம்கேட் தானாக எழுந்து நிற்க

இரவில் கரண்ட் போய் வருகிறது. சர்வர் எழுந்துவிடுகிறது, டாம்கேட் எழவில்லை. காலையில் ஒருவர் உள்ளே போய் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டுகிறார். மாதக்கணக்கில் இப்படியே காலம் தள்ளுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்துப் பதினைந்து வரி ஃபைல் ஒன்று இருந்தால் தீர்ந்துவிடும் வேலை இது.

உபுண்டு, டெபியன், ரெட்ஹேட் எதுவானாலும் சிஸ்டம்டியையே பயன்படுத்துங்கள். கிரான்டாபில் ரீபூட் வரி எழுதுவது வேண்டாம். டாம்கேட் நடுவில் செத்தால் கிரான் அதை எழுப்பாது.

முதலில் டாம்கேட்டுக்கென்று லாகின் இல்லாத ஒரு யூசர். ரூட்டாக ஓட்டவே கூடாது. 8080 போர்ட்டுக்கு ரூட் தேவையும் இல்லை. முன்பு ரூட்டாக ஓட்டியிருந்தால் லாக் ஃபைல்கள் ரூட் பெயரிலேயே கிடக்கும், புது யூசரால் அவற்றில் எழுத முடியாது. எனவே டாம்கேட் ஃபோல்டர் முழுவதையும் அந்த யூசர் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்து, /ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் ஃபோல்டரில் டாம்கேட்.சர்வீஸ் என்று ஒரு ஃபைல்.

பெரும்பாலோர் சறுக்குவது அதில் வரும் எக்ஸெக்ஸ்டார்ட் வரியில்தான். கை பழகிய ஸ்டார்ட்அப்.எஸ்ஹெச்-ஐயே அங்கே போடுகிறார்கள். அந்த ஸ்கிரிப்ட் ஜாவாவைப் பின்னணியில் கிளப்பிவிட்டுத் தான் முடிந்துபோகும். டைப் எதுவும் குறிப்பிடாவிட்டால் சிஸ்டம்டி அதை சிம்பிள் என்றே எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் முடிந்ததும் சர்வீஸே முடிந்தது என்று நினைத்து, மிச்சமிருக்கும் ஜாவாவையும் கொன்றுவிடும். ஸ்டேட்டஸ் பார்த்தால் பிழை எதுவும் இல்லாமல் 'இன்ஆக்டிவ், டெட்' என்று மட்டும் நிற்கும். டைப்பை ஃபோர்க்கிங் என்று மாற்றி, பிஐடி ஃபைல் வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. கேட்டலினா.எஸ்ஹெச் ரன் என்று, முழுப் பாதையோடு எழுதுங்கள். அது முன்னணியிலேயே நிற்கும், சிஸ்டம்டி அதை நேராகக் கண்காணிக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இப்படி ஓட்டினால் கேட்டலினா.அவுட் ஃபைலில் எதுவும் விழாது. அந்த வரிகளை ஜர்னல்சிடிஎல்-இல் பாருங்கள்.

இன்னொன்று ஜாவா ஹோம். உங்கள் பாஷ்ஆர்சி-யில் இருப்பதை சிஸ்டம்டி படிக்காது. கையால் ஓட்டினால் ஓடுகிறது, சர்வீஸாக ஓடவில்லை என்றால் முதலில் இதைத்தான் பாருங்கள். என்விரான்மென்ட் வரியாக ஃபைலுக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.

யூசர் வரியும், ரீஸ்டார்ட்டுக்கு ஆன்-ஃபெயிலியரும் சேருங்கள். ரீஸ்டார்ட்செக் 10 வையுங்கள். இல்லாவிட்டால் 100 மில்லிசெகண்டில் மறுபடி கிளப்பப் பார்த்து, 10 செகண்டுக்குள் 5 தடவை விழுந்தால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். சக்ஸஸ்எக்ஸிட்ஸ்டேட்டஸ் 143 என்பதும் வேண்டும். ஒழுங்காக நிறுத்தும்போது ஜாவா அந்த எண்ணோடுதான் வெளியேறும். சிஸ்டம்டி அதைத் தோல்வி என்று எண்ணக்கூடாது.

மரியாடிபி அதே மெஷினில் இருந்தால், யூனிட் பகுதியில் ஆஃப்டர் வரியில் நெட்வொர்க் டார்கெட்டோடு அதையும் எழுதுங்கள். டேட்டாபேஸ் இல்லாமல் கிளம்பினால் டாம்கேட் உயிரோடு இருக்கும், உள்ளே அப்ளிகேஷன் மட்டும் செத்துக் கிடக்கும். அதற்கு ரீஸ்டார்ட் உதவாது.

கடைசியில் இன்ஸ்டால் பகுதி: வான்டட்பை, மல்டி-யூசர் டார்கெட். பிறகு டீமன்-ரீலோட், எனேபிள், ஸ்டார்ட். ஸ்டார்ட் இப்போதைக்குத்தான், அடுத்த பூட்டுக்கு எனேபிள். இதை மறந்தால் செய்த வேலை வீண்.

இனி மெஷினை ரீபூட் செய்யுங்கள். லாகின் செய்யாமல், வேறொரு மெஷினின் பிரவுசரில் 8080-ஐத் திறந்து பாருங்கள்.