ஓய்வுநாள் பள்ளியும் மற்ற ஆறு நாட்களும்

அன்புத் தம்பிக்கு,

ஓய்வுநாள் பள்ளிக்குப் புரொஜெக்டர், ஸ்பீக்கர், வைஃபை எல்லாம் கேட்டு நீ சேகரக் கமிட்டிக்கு எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். கமிட்டியில் பெரியவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்களாம். ஒரு கட்சிக்குப் போன் என்றாலே பிசாசின் கண்ணி. இன்னொரு கட்சிக்கு, பக்கத்து ஊர்ச் சபையில் இருக்கிறது, நம்மிடம் இல்லை என்ற காரணமே போதும். இரண்டு பேர் சொல்வதையும் மரியாதையாகக் கேட்டுக்கொள். முடிவை வகுப்பில் உட்காரும் பிள்ளைகளைப் பார்த்து எடு.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்பம் உனக்கு வேண்டும். சனிக்கிழமை ராத்திரி உன் மேசையில் வேண்டும். வாரநாட்களில் தாய் தகப்பன் கையில் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த முக்கால் மணி நேரம் உன் முகத்துக்கும் பிள்ளையின் முகத்துக்கும் நடுவில் மட்டும் வந்து நிற்கக் கூடாது.

கண்ணி என்கிறவர்களுக்கு நீ ரெய்க்ஸின் கதையைச் சொல்லலாம். ஓய்வுநாள் பள்ளி இயக்கத்தின் தந்தை என்று நாம் கொண்டாடும் ராபர்ட் ரெய்க்ஸ் ஆயர் அல்ல. இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் 'குளோஸ்டர் ஜர்னல்' என்ற செய்தித்தாளை அச்சடித்து நடத்தியவர். வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு ஞாயிறன்று தெருவில் அலைந்த பிள்ளைகளுக்காக 1780-இல் ஸூட்டி சந்து என்ற இடத்தில் மெரிடித் என்ற பெண்மணியின் வீட்டில் வகுப்பு தொடங்கினார். 1783-இல்தான் அதைப் பற்றித் தன் பத்திரிகையில் எழுதினார். அதற்குப் பிறகு மற்ற ஊர்களில் மளமளவென்று பரவியது. அந்தக் காலத்துப் பெரிய தொழில்நுட்பமே அவர் கையில் இருந்தது. பத்திரிகை ஊர்ப் பெரியவர்களிடம் பேசியது. பிள்ளைகளிடம் மெரிடித் அம்மாள் பேசினார். நம் கரையிலும் அப்படித்தான். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு சில ஆண்டுகளுக்குள் அச்சுக்கூடத்தை வரவழைத்தார். அன்றைக்கும் ஓலைதான் பரிசுத்தம் என்று யாராவது முறுமுறுத்திருப்பார்கள்.

சரி, வகுப்புக்குள் வருவோம். ஆக்‌ஷன் சாங் வீடியோ ஓடும்போது நீ திரையைப் பார்க்காதே, திரும்பி நின்று பிள்ளைகளைப் பார். முதல் தடவை நாலு பேர் கை அசைப்பார்கள். இரண்டாம் தடவை வாய் லேசாகத் திறந்திருக்கும், கை மடியில் கிடக்கும். திரையில் இருப்பவர்கள் நன்றாக ஆடுகிறார்கள், நாம் எதற்கு என்று உடம்புக்கே தெரிந்துவிடுகிறது. அதே பாட்டை நீ வெள்ளிக்கிழமை வீட்டில் பார்த்துப் பழகிக்கொண்டு வந்து, இரண்டு அசைவைத் தப்பாகவே ஆடிக் காட்டு. "அண்ணா, அது இப்படி இல்லை" என்று பின்வரிசைப் பையன் எழுந்து முன்னால் வருவான். அவன் எழுந்து வந்ததுதான் அன்றைய வகுப்பு.

கதை வீடியோவில் இன்னொரு சங்கடம் உண்டு. சூப்பர்புக் போன்ற கார்ட்டூன்களைக் குறை சொல்லவில்லை. 1981-இல் ஜப்பானில் தொடங்கிய அந்தத் தொடர் இன்று புது வடிவில் தமிழிலும் கிடைக்கிறது. வீட்டில் பெற்றோர் கூட உட்கார்ந்து பார்க்க நல்லது. ஆனால் அசையும் படம் எதையும் காலியாக விடாது. வேதம் சொல்லாமல் விட்டதையும் ஒரு உருவம் கொடுத்து நிரப்பிவிடும். யோனா புத்தகத்தில் இருப்பது பெரிய மீன். பிள்ளைகள் எல்லோருக்கும் அது திமிங்கலம். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் எத்தனை பேர் என்று மத்தேயு எழுதவில்லை; காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்று ஆகி ஒட்டகத்தில் ஏறிவிட்டார்கள். படத்தில் நோவாவின் பேழைக்குள் எல்லா மிருகமும் ஒவ்வொரு ஜோடியாகப் போகும். ஆதியாகமம் 7-ஆம் அதிகாரத்தில் சுத்தமான மிருகங்கள் ஏழேழு ஜோடி.

இதற்கு அசையாத படம் நல்ல மருந்து. 'திறந்த வேதாகமக் கதைகள்' என்று ஐம்பது கதைகளின் தொகுப்பு இணையத்தில் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஜிம் பாட்ஜெட் என்ற ஓவியர் வரைந்த படங்கள் அதில் உண்டு. வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு படத்தை ஏ4 தாளில் கலர் பிரிண்ட் எடு. வட்டமாக உட்காரவைத்துக் கைமாற்றிக் கொடு. பிறகு வேதாகமத்தைத் திறந்து, "படத்தில் இருப்பது எது வசனத்தில் இல்லை? வசனத்தில் இருப்பது எது படத்தில் இல்லை?" என்று கேள். எட்டு வயதுப் பிள்ளைகள் வக்கீல் மாதிரி வாதாடுவார்கள். கூகுளில் கண்ணில் பட்ட படத்தை எல்லாம் எடுத்து சபைச் சுவரொட்டியில் போடாதே. அதற்கும் சொந்தக்காரர் இருப்பார்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்டிருந்தாய். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு, "பத்து வயதுப் பிள்ளைகளுக்கு, காசு செலவில்லாமல், தானியேல் கதைக்கு நாலு விளையாட்டு சொல்" என்று கேட்டால் அது சொல்லும். இரண்டு உருப்படியாக இருக்கும். வசனத்தை மட்டும் அதனிடம் கேட்காதே. நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது 1871-இல் பவர் ஐயர் குழு முடித்த மொழிபெயர்ப்பின் வழிவந்த பழைய திருப்புதலை. இந்தக் கருவிகள் பழைய திருப்புதலில் பாதி, வேறொரு மொழிபெயர்ப்பில் பாதி, சொந்தச் சரக்கு கொஞ்சம் என்று கலந்து, அதிகாரம் வசன எண்ணோடு கம்பீரமாகக் கொடுத்துவிடும். கரும்பலகையில் எழுதும் முன் அச்சு வேதாகமத்தைத் திறந்து எழுத்துக்கு எழுத்து பார். அது வரையும் படத்திலும் விரல்களை எண்ணிக்கொள். சில சமயம் கோலியாத்துக்கு ஆறு விரல் போட்டுக் கொடுத்துவிடும்; இரண்டு கைகளிலும் ஆறாறு விரலோடு காத் ஊரில் ஒரு ராட்சதன் இருந்தது உண்மைதான், ஆனால் 2 சாமுவேல் 21-இல் வரும் அவன் வேறு ஆள். (தாவீதின் அண்ணன் மகன் கையில் செத்தான். பிள்ளைகளிடம் சொல்லிப் பார், இந்த ஒரு விஷயத்தை மறக்கவே மாட்டார்கள்.)

வகுப்புக்குள் ஒரே ஒரு கருவியை நானே சிபாரிசு செய்வேன். பிளிக்கர்ஸ் என்று பெயர். வினாடி வினாவுக்கு ஆளுக்கொரு போன் கேட்கும் செயலிகள் நமக்கு ஆகாது. இதில் உன்னிடம் மட்டும் போன் இருந்தால் போதும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அட்டை, அட்டையில் கட்டம் கட்டமாக ஒரு கறுப்பு உருவம், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். நாலு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. கேள்வியை நீ வாசிப்பாய். தன் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்று காட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று உன் திரையில் விழுந்துவிடும். ஒவ்வொரு அட்டையின் உருவமும் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. கை தூக்கவே கூச்சப்படும் பிள்ளை இதில் தைரியமாக விடை சொல்லும். தப்பாகச் சொன்னதும் உனக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளையின் பெயர்கூடப் போடத் தேவையில்லை, அட்டை எண்ணை வைத்தே நடத்தலாம். அட்டைகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கெட்டித் தாளில் பிரிண்ட் எடு. லேமினேஷன் செய்தால் வெளிச்சம் பட்டுப் பளபளத்து கேமரா திணறும்.

இனி வாரநாட்கள். உபாகமம் 6-ஆம் அதிகாரம் பிள்ளைக்குப் போதிக்கும் வேலையை வீட்டிலும் வழியிலும் வைத்திருக்கிறது. நமக்கு வாரத்தில் முக்கால் மணி நேரம். மீதி எல்லாம் பெற்றோரிடம். அதனால் உன் உண்மையான மாணவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு வீடியோ அனுப்பாதே. நம் பக்கத்தில் பல வீடுகளில் சாயங்காலத்துக்குள் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். பீடி சுற்றும் அம்மாவைப் பார்த்திருப்பாய்: மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும், இரண்டு கையும் கண்ணும் அதிலேயே. காது மட்டும்தான் சும்மா இருக்கும். ஆகவே குரல்பதிவு. ஒரு நிமிடப் பதிவு சில நூறு கே.பி.யைத் தாண்டாது. பின்னணி இசை வேண்டாம், ரேடியோக் குரல் வேண்டாம். "அக்கா, இந்த ஞாயிறு சகேயு கதை. சகேயு ஏறினது காட்டத்தி மரம். வழியில அத்திமரத்தைப் பார்த்தா பிள்ளைக்குக் காட்டுங்க. ராத்திரி சாப்பிடும்போது ஒண்ணே ஒண்ணு கேளுங்க: இயேசு சகேயு வீட்டுக்குப் போனது ஊர்க்காரங்களுக்கு ஏன் பிடிக்கல?" அவ்வளவு போதும். பிள்ளையிடம் போனைக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லாதே. வேதாகமச் செயலிக்காகக் கொடுத்த போன் ஐந்தாவது நிமிடம் யூடியூப் ஷார்ட்ஸில் நிற்கும்.

வாட்ஸப் குழு தொடங்கினால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். கணவரை இழந்த ஒரு தாயின் எண் யார் யார் கைக்கோ போவது சின்ன விஷயம் இல்லை. பிராட்காஸ்ட் லிஸ்ட் போடு. ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும். ஒரே நிபந்தனை, அவர்கள் உன் எண்ணைத் தங்கள் போனில் சேமித்திருக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் நீயே பக்கத்தில் உட்கார்ந்து சேமித்துக் கொடு. இன்னொன்று, "வசனம் சொல்லி வீடியோ அனுப்புங்கள்" என்ற போட்டியை நடத்தாதே. 2020 ஊரடங்கில் பல சபைகளில் நடத்தினார்கள்; நல்ல போன் இருந்த அதே நாலைந்து வீடுகளுக்கே திரும்பத் திரும்பப் பரிசு போனது. வீட்டில் இருந்த ஒரே போனைப் பெரிய அண்ணனின் ஆன்லைன் வகுப்புக்கு விட்டுக்கொடுத்த பிள்ளைகள் ஜூமிலும் இல்லை, போட்டியிலும் இல்லை. அப்படிப்பட்ட வீடுகள் இன்றும் உண்டு. அவற்றைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டு, அந்த வாரத்துக் கேள்வியை ஒரு துண்டுத் தாளில் எழுதி நேரில் கொண்டு கொடு. சைக்கிள் இருக்கிறதல்லவா.

அடுத்து வருவதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன்.

எந்தப் பிள்ளையோடும் தனியாகச் செய்தி பரிமாறாதே. பதினாறு வயதுப் பிள்ளை தானாக "குட் மார்னிங் அண்ணா" அனுப்பினாலும் பதில் பெற்றோரின் எண்ணுக்குப் போகட்டும். வீடியோ அழைப்பு என்றால் இன்னொரு ஆசிரியரும் கூட இருக்க வேண்டும். உன்னைச் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. உனக்கு அடுத்து வருகிறவர் யார் என்று எனக்குத் தெரியாது. வழக்கம் உன் காலத்திலேயே அமைந்துவிட வேண்டும். ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையை உன்னிடம் சொன்னால், அந்தச் செய்தியை அழிக்காதே, ஃபார்வர்டும் செய்யாதே. அது பாலியல் கொடுமை என்றால், 2012-இன் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். "சபைக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வோம் தம்பி" என்று தோளில் கை போடும் பெரியவர் ஒருவர் எங்கும் இருப்பார். கையை மெதுவாக எடுத்து விட்டுவிடு.

படம் எடுப்பதிலும் அதே கவனம். பாலர் ஞாயிறு, கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி என்றால் கேமரா மேடையைத் தூரத்திலிருந்து காட்டட்டும். ஒரு பிள்ளையின் முகம், பெயர், பள்ளிச் சீருடை மூன்றும் ஒரே பதிவில் வரக் கூடாது. யூடியூபில் ஏற்றினால் 'குழந்தைகளுக்கானது' என்று குறிப்பிடு. பின்னூட்டமும் நேரலை அரட்டையும் தானாகவே அடைபட்டுவிடும். இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும் முறையில் ஏற்றினாலும், இணைப்பு ஊர் சுற்றும் என்பதை மறக்காதே. மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) பதிவுக்குக் கூகுள் படிவம் போடும்போது பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோர் எண், ஏதாவது ஒவ்வாமை இருக்கிறதா என்பது போதும். ஆதார் எண் நமக்கு எதற்கு? 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தையாகவே எடுத்துக்கொண்டு, பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. சட்டம் முழுவதையும் நீ படிக்க வேண்டாம். ஒரு சம்மதத் தாள் அடித்துக் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வை, வி.பி.எஸ். முடிந்ததும் அந்தப் பட்டியலை அழித்துவிடு.

கடைசியாக ஒரு காரியம். இப்போது சபையின் யூடியூப் சேனலும் படிவங்களும் படங்களும் எல்லாம் உன் சொந்த ஜிமெயிலில் கிடக்கின்றன என்று நினைக்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கிடைத்துவிடும். கிடைக்க வேண்டும் என்றுதான் நானும் ஜெபிக்கிறேன். அதற்கு முன் சபையின் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்று. மீட்புக்கான போன் எண் உன்னுடையதாக இருக்க வேண்டாம், சேகர அலுவலகத்தினுடையதாக இருக்கட்டும். பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஆயரிடம் கொடுத்து வை. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேரைக் கூட வைத்துக்கொண்டு, பிளிக்கர்ஸ் அட்டையை எப்படிப் பிரிண்ட் எடுப்பது, குரல்பதிவை எப்படிச் சுருக்கமாகப் பேசுவது என்று இந்த மே மாதமே பழக்கு.

அன்புடன்,
உன் அக்கா