பட்டுப்புழுவின் உடலில் வேலைப் பங்கீடு

கணியூரைச் சூழ்ந்த மடத்துக்குளம், உடுமலை வட்டாரங்களில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் அங்கத்தினர்கள் பலர். பட்டு நூலைத் தறியில் ஏற்றும் அங்கத்தினர்களும் இவ்விதழைப் படிக்கின்றனர். முன்னவரின் வேலை கூட்டோடு முடிகிறது. பின்னவரின் வேலை நூலில் தொடங்குகிறது. இவ்விரு வேலைகளுக்கும் அடிப்படையான மூன்றாவது வேலையொன்று புழுவின் உடலுக்குள் நடைபெறுகின்றது. அதனை இப்பாடத்தில் காண்போம்.

விதி ஒன்று, வேலை பல

உயிர்களின் உடல் உயிரணுக்களால் ஆனது. ஏறத்தாழ ஒவ்வோர் உயிரணுவிலும் அவ்வுயிருக்குரிய மரபணுக்கள் யாவும் அடங்கியுள்ளன. அவ்வாறாயின் குடல் ஏன் பட்டு நூற்பதில்லை? சுரப்பி ஏன் இலையைச் செரிப்பதில்லை?

நமது சங்கத்தையே உதாரணமாகக் கொள்வோம். துணைவிதிப் புத்தகத்தின் பிரதி செயலாளர் மேசையிலும் உண்டு, கிடங்கிலும் உண்டு, விற்பனை நிலையத்திலும் உண்டு. எனினும் கிடங்குப் பொறுப்பாளர் நாள்தோறும் நடைமுறைப்படுத்துவது சரக்கு இருப்பைப் பற்றிய விதிகளையே. கடன் வழங்கும் விதிகள் அவரிடமுள்ள புத்தகத்தில் மூடியே கிடக்கின்றன. மரபணுக்களின் நிலையும் இதுவே. ஒவ்வோர் உறுப்பும் தனக்குரிய சிலவற்றை மட்டும் திறந்து வேலை வாங்குகிறது.

ஒரு மரபணு செயற்படும்போது அதிலிருந்து நகல்கள் எடுக்கப்படுகின்றன. இவற்றிற்குச் செய்தி ஆர்.என்.ஏ. என்று பெயர். இந்நகலில் உள்ளபடியே புரதம் தயாராகிறது. ஆகவே ஓர் உறுப்பில் எந்த மரபணுவின் நகல்கள் எத்தனை உள்ளன என்று கணக்கெடுத்தால், அங்கே நடைபெறும் வேலை புலப்படும். தணிக்கை செய்வோர் அறிந்த உண்மை ஒன்றுண்டு: துணைவிதிகளைப் படித்தால் சங்கம் என்ன செய்யலாம் என்பது தெரியும், பற்றுச்சீட்டுகளைப் புரட்டினால்தான் என்ன செய்தது என்பது தெரியும். விஞ்ஞானிகள் மேற்கொள்வதும் இத்தகைய தணிக்கையே.

பட்டுச் சுரப்பி

புழுவின் உடலில் இரு பக்கமும் நீண்ட குழாய்போல ஒரு சோடிச் சுரப்பிகள் உள்ளன. ஒவ்வொன்றும் மூன்று பகுதிகளைக் கொண்டது. பின்பகுதியில் ஃபைப்ராயின் என்னும் புரதம் உற்பத்தியாகிறது, இதுவே இழையாகும். நடுப்பகுதியில் செரிசின் என்னும் பசை உற்பத்தியாகி இழைமேல் படிகிறது. முன்பகுதி இவ்விரண்டையும் வாய்ப்புறத்திற்குக் கொண்டுசெல்லும் வழி.

நெசவாளர் இப்பசையை நன்கு அறிவர். சோப்பும் சோடாவும் இட்டுக் கொதிக்கவைத்தால் கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறதன்றோ? அவ்வாறு கரைந்து போவது நடுப்பகுதியின் உற்பத்தி. கையில் மிஞ்சுவது பின்பகுதியின் உற்பத்தி.

சுரப்பியின் உயிரணுக்களின் எண்ணிக்கை முட்டைக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது. பின்பகுதியில் உள்ளவை ஏறத்தாழ 500 மட்டுமே. புழு வளர வளர இவை எண்ணிக்கையில் பெருகாமல் அளவில் மட்டுமே பருக்கின்றன. பட்டு நூற்பதற்கு ஃபைப்ராயின் மரபணு இங்கே மட்டும் தனியாகப் பெருகியிருக்குமோ என்ற ஐயம் ஒருகாலத்தில் இருந்தது. 1972-இல் யோஷியாகி சுசுகி, டொனால்ட் பிரவுன் முதலியோர் அமெரிக்காவில் இதனை ஆராய்ந்தனர். மற்ற மரபணுக்களோடு ஒப்பிடுங்கால் ஃபைப்ராயின் மரபணு பிற உறுப்புகளில் எவ்வளவு உள்ளதோ அதே விகிதத்தில்தான் சுரப்பியிலும் உள்ளது என்று கண்டனர். ஆகவே வேற்றுமை மரபணுவின் இருப்பில் இல்லை. அதன் செயலில்தான் உள்ளது.

உறுப்புதோறும் கணக்கு

2007-இல் சீன விஞ்ஞானிகள் முழுப் புழுவுக்கும் இக்கணக்கை எடுத்து வெளியிட்டனர். ஐந்தாம் பருவத்து மூன்றாம் நாள் புழுவை எடுத்து, தலை, தோல், நடுக்குடல், கொழுப்புத் திசு, இரத்த அணுக்கள், பட்டுச் சுரப்பியின் பகுதிகள் முதலிய பத்து வகைத் திசுக்களைத் தனித்தனியே சோதித்தனர். பதினாயிரத்துக்கு மேற்பட்ட மரபணுக்கள் செயற்படுவது தெரிந்தது. அவற்றுள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை ஏதேனும் ஒரு திசுவுக்கே உரியவை.

நம் நாட்டிலும் இப்பணி நடந்துள்ளது. ஹைதராபாத்திலுள்ள மரபணு ரேகைப்பதிவு மற்றும் நோயறிதல் மையத்தில் ஜே. நாகராஜு குழுவினர் மூகா, தசர், எரி ஆகிய பட்டுப்பூச்சிகளின் பல திசுக்களிலிருந்து 57,000-க்கு மேற்பட்ட மரபணு நகல் துண்டுகளைத் திரட்டி 2008-இல் வெளியிட்டனர். பெரிய பிராணிகளையும் இவ்வாறே ஆராய்கின்றனர். ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிலையத்தார் 2012-இல் பன்றியின் அறுபதுக்கு மேற்பட்ட திசுக்களுக்கும் உயிரணு வகைகளுக்கும் இத்தகைய பட்டியலைத் தயாரித்தனர்.

நோயற்ற உடலை ஏன் ஆராய்வது?

நோயுற்றதை விட்டு நலமாயுள்ளதை ஆராய்வானேன் என்று அங்கத்தினர் கேட்கலாம். சரியான இருப்பு இன்னதென்று ஏட்டில் இல்லாவிடில் கிடங்கில் குறைந்தது எவ்வளவு என்று எவரும் கூற இயலாது. அதுபோல, நலமான உறுப்பின் வேலை தெரிந்தால்தான் நோயில் மாறியது எதுவென்று தெரியும்.

இதற்குத் தக்க சான்று ஒன்று உண்டு. கிராசரி எனப்படும் பால்புழு நோய் ஒரு வைரஸால் வருவது. இலையோடு வாய்வழிச் சென்று குடலிலிருந்து உடலெங்கும் பரவுகிறது. இந்நோய்க்கு மருந்தில்லை. கே. எம். பொன்னுவேலும் ஜப்பானிய விஞ்ஞானிகளும் சேர்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், புழுவின் குடற்சாற்றில் உள்ள லைப்பேஸ் வகைப் புரதம் ஒன்று இவ்வைரஸின் வலிமையைக் குறைப்பதாகக் காட்டினர். இதற்குரிய மரபணு நடுக்குடலில் மட்டுமே செயற்படுகிறது. வேறு உறுப்புகளில் இல்லை. தோலுரிக்கும் வேளையிலும், இலையை விட்டுக் கூடுகட்டப் புறப்படும் வேளையிலும் அது செயற்படுவதில்லை. மேலும், வைரஸ் நுழைந்த பின்னரும் அதன் செயல் கூடுவதில்லை.

இதன் பொருளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். வாயிற்காவலர் ஒருவர் உண்டு. ஆனால் அவருக்கு ஓய்வு வேளைகள் உண்டு. பகைவர் வந்தபின் துணைக்கு ஆள் அழைக்கும் வழக்கமும் அவருக்கு இல்லை. புழுவுக்கு வேறு காவல்களும் உண்டாயினும், இதன் உடலை மட்டும் நம்பி நாம் அயர்ந்திருத்தல் தகாது.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவது, தொகுதி முடிந்தவுடன் வளர்ப்பு மனையையும் தட்டுகளையும் சந்திரிகைகளையும் கிருமிநீக்கம் செய்தல். 100 லிட்டர் நீருக்கு 2 கிலோ பிளீச்சிங் பவுடர், 300 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு என்பது அளவு.

இரண்டாவது, ஒவ்வொரு தோலுரிப்பும் முடிந்து இலையிடுவதற்கு முன்னரே படுக்கைக் கிருமிநாசினியைத் தூவுதல்.

மூன்றாவது, பால்போன்ற நீர் வடியும் புழுவைக் கண்டவுடன் பொறுக்கி, சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் கலவையில் இட்டுப் புதைத்தல். அதனைக் கோழிக்குப் போடுவதும் வரப்பில் எறிவதும் அடுத்த மனைக்கு நோயை அனுப்புவதாகும்.

நான்காவது, புழு தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஐந்தாம் பருவத்திலேயே செலவாவதால், அப்பருவத்தில் இலையின் தரத்தையும் அளவையும் குறைக்காதிருத்தல். 500 உயிரணுக்களும் பருப்பது இவ்விலையால்தான்.

இவற்றுள் மூன்று தனியொருவரால் நிறைவேறுபவை அல்ல. ஒருவர் மனையைக் கழுவி, அடுத்தவர் கழுவாதிருந்தால் உழைப்பு வீண். கிராமம் முழுவதும் ஒரே வாரத்தில் கிருமிநீக்கம் செய்யச் சங்கம் ஏற்பாடு செய்யுமாயின், ஒரு தொகுதியின் இழப்பால் ஒரு குடும்பம் கடன் தவணை தவறும் நிலையைப் பெரிதும் தவிர்க்கலாம். ஒவ்வோர் உறுப்பும் தன் வேலையைச் செய்வதால் புழு கூடு கட்டுகிறது. சங்கத்தின் இலக்கணமும் அதுவேயன்றோ?

படிப்பு வட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுக்கள் இருக்க, உறுப்புகள் வேறுபடுவது எதனால்?

2. கொதிக்கவைக்கும்போது பட்டு நூல் இழக்கும் எடை சுரப்பியின் எப்பகுதியின் உற்பத்தி?

3. நமது ஊரில் கடந்த தொகுதியில் எத்தனை மனைகளில் முறைப்படி கிருமிநீக்கம் நடந்தது? எஞ்சியவற்றிற்குச் சங்கம் என்ன செய்யக்கூடும்?