கொடுக்கலும் வாங்கலும்: மின்பணப் பரிமாற்றச் சொற்கள் – ஓர் ஆய்வு

வணிகத்தைக் குறிக்கத் தமிழர் ஆளும் தொடர்களுள் பொருட்செறிவு மிக்கது ‘கொடுக்கல் வாங்கல்’ என்பதாகும். பணம் எத்திசையில் செல்கிறது என்பதை அத்தொடரே காட்டிவிடுகிறது. இன்று கைப்பேசி வழியே நிகழும் கொடுக்கல் வாங்கலில் இத்திசை கண்ணுக்குப் புலனாவதில்லை. நாணயம் கைமாறுவதில்லை, திரையில் சில சொற்கள் மட்டுமே தோன்றுகின்றன. அச்சொற்கள் தெளிவாக இராவிடின் பொருளிழப்பு நேரும். இந்நோக்கில் மின்பணப் பரிமாற்றத்தில் வழங்கும் கலைச்சொற்கள் சிலவற்றை ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

முன்னோர் வழக்கு

பணத்தைச் சுமந்து செல்லாமல் செய்தியை மட்டும் அனுப்பித் தொகையைப் பெறச் செய்தல் புதிய கருத்தன்று. ஓரூரில் பணத்தைக் கட்டிச் சீட்டுப் பெற்று, வேற்றூரில் அச்சீட்டைக் காட்டித் தொகை பெறும் முறை வடநாட்டு வணிகரிடம் ‘ஹுண்டி’ எனவும், தமிழில் ‘உண்டியல்’ எனவும் வழங்கிற்று. ‘ஹவாலா’ என்னும் அரபுச் சொல்லுக்கும் ‘மாற்றிவிடுதல்’ என்பதே பொருள். ஒருவருடைய கடனை மற்றொருவர் பொறுப்பில் மாற்றிவிடுவதை இஸ்லாமியச் சட்ட நூல்கள் இப்பெயரால் குறிக்கின்றன. அத்தகைய சொல் இன்று நம் நாட்டில் சட்டத்திற்குப் புறம்பான பணப்பரிமாற்றத்தைச் சுட்டுவது, மொழியியலார் கூறும் இழிபொருட்பேற்றுக்குத் தக்க சான்றாகும்.

சொற்களும் வணிகரோடு கடல் கடக்கின்றன. கென்யா நாட்டில் 2007ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கைப்பேசிப் பணச்சேவையின் பெயர் ‘எம்-பெசா’. ‘பெசா’ என்பது சுவாகிலி மொழியில் பணத்தைக் குறிக்கும். நம் ‘பைசா’வோடு உறவுடையது.

வரவும் பற்றும்

இனி நம் ஆய்வின் மையத்திற்கு வருவோம். ‘ரசீது’ பாரசீகச் சொல். ‘வந்து சேர்ந்தது’ என்பது அதன் நேர்ப்பொருள். ‘வசூல்’ அரபுச் சொல். அதற்கும் ‘வந்தடைதல்’ என்றே பொருள். நம் ‘வரவு’ என்பதும் வருதலே அன்றோ! மூன்று மொழியினரும் பணம் கைக்கு வருவதை ஒரே வகையாக எண்ணிப் பெயரிட்டிருப்பது நோக்கத்தக்கது. ஆதலால் ‘உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது’ என்னும் வங்கிச் செய்தியை எழுத்தறிந்த எவரும் பிழையின்றி உணர்வர்.

‘பற்று’ என்னும் சொல்லின் நிலை வேறு. ‘பற்றுதல்’ என்றால் பிடித்தல், பெறுதல். பணத்தைப் பெற்றுக்கொண்டவர் எழுதித் தருவது ‘பற்றுச்சீட்டு’. அங்ஙனமாயின் ‘உங்கள் கணக்கில் ரூ.500 பற்று’ என்று செய்தி வரும்போது, பணம் வந்தது என ஒருவர் கருதினால் அவரைக் குறைகூற இயலுமா? உண்மையில் அத்தொகை அவர் கணக்கிலிருந்து போயிற்று. வங்கி தன் பேரேட்டைத் தன் நிலையில் நின்று எழுதுகிறது. வாடிக்கையாளர் எடுத்துக்கொண்டது அதற்குப் பற்று. மளிகைக் கடைக்காரர் ‘உங்கள் பற்று இவ்வளவு’ என்பதும் இப்பொருளிலேதான். கணக்கியல் பயில்வோர்க்கு இச்சொல் இன்றியமையாதது. அதனை நீக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. பொதுமக்களுக்கு அனுப்பும் செய்தியில் மட்டும் ‘கழிக்கப்பட்டது’ என்று எழுதுதல் நன்று.

‘கிரெடிட்’ என்னும் ஒரே ஆங்கிலச் சொல்லைக் கணக்கில் ‘வரவு’ என்றும், அட்டையில் ‘கடன்’ என்றும் தமிழ் பிரித்துக் காட்டுகிறது. ‘கடன் அட்டை’ என்று சொல்லும்போதே திருப்பித் தர வேண்டும் என்னும் எச்சரிக்கையும் உடன் வருகிறது. இங்கே தமிழாக்கம் மூலத்தைவிடத் தெளிவானது எனத் துணிந்து கூறலாம்.

கோரிக்கையும் மறைவெண்ணும்

2016ஆம் ஆண்டு இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் நடைமுறைக்குக் கொணர்ந்த யு.பி.ஐ. முறையை ‘ஒருங்கிணைந்த பணப்பரிமாற்ற இடைமுகம்’ என மொழிபெயர்ப்பர். பெயர் நீண்டது, தேநீர்க் கடையில் அதனை உச்சரிப்பார் எவருமிலர். அதனால் தீங்கொன்றும் இல்லை. தீங்கு நேர்ந்தது ‘கோரிக்கை’ என்னும் எளிய சொல்லில்தான்.

பழைய தையல் இயந்திரத்தை விற்க முனையும் ஒருவரிடம், ‘முன்பணம் அனுப்பியுள்ளேன், ஏற்றுக்கொண்டு எண்ணை இடுங்கள்’ என்கிறான் வஞ்சகன். அவனிடமிருந்து வந்தது பணமன்று, பணம் கேட்கும் கோரிக்கை. ‘ஏற்றல்’ என்பது வாங்கிக்கொள்ளுதல் என்னும் பொருளிலும், இசைதல் என்னும் பொருளிலும் வரும் சொல். விற்பவர் முதற்பொருளை எண்ணி எண்ணை இடுகிறார். அவர் பணம் பறிபோகிறது. இவ்வகை மோசடி மிகுந்தமையால் தனிநபர்களுக்கிடையிலான பணக் கோரிக்கை வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பெற்றது. எனினும் அடிப்படை விதியை இல்லத்துப் பெரியோர்க்கு மாணவர்கள் எடுத்துரைத்தல் வேண்டும்: மறைவெண்ணை இடுவது கொடுப்பதற்கே, வாங்குவதற்கு அது வேண்டுவதில்லை. சதுரக் குறியைக் கைப்பேசியால் படிப்பதும் அவ்வாறே. வாகன உறுப்புகளை இனங்காண 1994இல் ஜப்பானில் உருவான கியூ.ஆர். குறி இன்று பூக்கடை வரை வந்துள்ளது. வாடிக்கையாளர் அதனைப் படிப்பது பணம் செலுத்தவே.

‘பின் நம்பர்’ எனப் பேச்சில் வழங்குவதில் ‘எண்’ இருமுறை வருகிறது என இலக்கணம் நோக்கி நகைப்பாருண்டு. நாம் ‘மறைவெண்’ என்பதை விரும்புகிறோம்; பிறரிடம் கூறலாகாது என்பதை அச்சொல்லே உணர்த்துகிறது. ‘ஒருமுறைக் கடவுச்சொல்’ என்னும் ஆக்கத்தில் அவ்வுணர்த்துதல் இல்லை. அது சொல்லும் அன்று, எண்.

வில்லை

அட்டையின் முழு எண்ணை வணிக நிறுவனங்கள் சேமித்து வைத்தலாகாது என்னும் ரிசர்வ் வங்கியின் விதி 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு மாற்றாக வழங்கப்பெறும் எண்ணே ‘டோக்கன்’. இதனை ‘அடையாள வில்லை’ எனலாம். நியாயவிலைக் கடையில் தரும் டோக்கன் வேறு கடையில் செல்லாது; அதுபோன்றே இவ்வில்லையும் ஒரு வணிகரிடம், ஓர் அட்டைக்கு மட்டுமே செல்லும். திருடியவன் அதனைப் பிறிதோரிடத்தில் பயன்படுத்த இயலாது. நியாயவிலைக் கடை வரிசையில் நின்ற எவர்க்கும் இக்கருத்து உடனே விளங்கும் என்பதால், ‘டோக்கன்’ என்றே இருக்கட்டும் என்பாரோடு வழக்கிட நாம் விரும்பவில்லை.