கைப்பேசியில் இணையம் மெதுவாக வருவது ஏன்? சரிசெய்வது எப்படி?

பயிர்க் காப்பீட்டிற்குப் பதிவு செய்ய இறுதி நாள். உழவர் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நிற்கிறார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒருமுறைக் கடவு எண் குறுஞ்செய்தியாக வந்து சேர்ந்துவிட்டது; ஆனால் அதை இட வேண்டிய பக்கம் திறப்பதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. வானூர் வட்டம் இடையஞ்சாவடிப் பகுதியில் இது பழகிப்போன காட்சியாகும். உழவன் செயலி, மேகதூத் செயலி ஆகியவற்றின் பயன் முழுவதும் இணையம் வந்து சேருவதைப் பொறுத்தது. எனவே, காரணம் அறியாமல் புதுக் கைப்பேசிக்குப் பணம் செலவிடும் முன் உழவர்கள் கீழ்க்காணும் விவரங்களைக் கவனித்தல் நலம்.

மரக்காணம் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. இறைக்கும் உவர்நீர் ஒரே வாய்க்காலில் ஓடிப் பல பாத்திகளுக்குப் பிரிகிறது. பாத்தி நிரம்பவில்லையென்றால் மூலத்தில் நீர் குறைவாக இருக்கலாம், வாய்க்கால் தூர்ந்திருக்கலாம், ஒரே நேரத்தில் பல மடைகள் திறந்திருக்கலாம். இணையமும் அவ்வாறே. கோபுரத்திற்கு ஒளியிழை அல்லது நுண்ணலை இணைப்பு வழியே தரவு வருகிறது; அங்கிருந்து வானலையாகக் கைப்பேசியை அடைகிறது; அந்தக் கோபுரத்தின் கீழுள்ள அனைவரும் அதைப் பகிர்ந்துகொள்கின்றனர்.

முதலில் சிக்னலின் வலிமையை அளந்து பார்க்க வேண்டும். திரையிலுள்ள கோடுகளை நம்ப வேண்டாம். அவை கைப்பேசிக்குக் கைப்பேசி மாறும். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் ‘கைப்பேசியைப் பற்றி’ என்ற பகுதிக்குள் ‘சிம் நிலை’ என்பதைத் திறந்தால் பெரும்பாலான கைப்பேசிகளில் சிக்னல் அளவு ‘டிபிஎம்’ என்ற அலகில் தெரியும். இது மைனஸ் எண்ணாகும். 4ஜியில் மைனஸ் 90 அல்லது அதைவிடச் சிறிய எண் (மைனஸ் 80 போன்றவை) இருப்பின் நன்று. மைனஸ் 110-ஐத் தாண்டினால் மிக நலிந்தது. ஒவ்வொரு 10-க்கும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகக் குறைவதால், மைனஸ் 110 என்பது மைனஸ் 90-இல் நூற்றில் ஒரு பங்கே ஆகும்.

உப்பளம் திறந்தவெளி, அங்கு கோபுரத்தின் தொலைவே முக்கியக் குறை. இடையஞ்சாவடிச் செம்மண் மேட்டின் நிலைமை வேறு. முந்திரித் தோப்புகளும், 1968-இல் ஆரோவில் தோன்றிய பின் வளர்க்கப்பட்ட காடும் சூழ்ந்துள்ளன. இலைகளிலுள்ள நீர் வானலையை உறிஞ்சும். மழையில் நனைந்த தோப்பு இன்னும் அதிகமாக உறிஞ்சும். மரம் வளர்த்ததற்கு யாரும் வருந்த வேண்டியதில்லை, காரணம் தெரிந்தால் போதும். 850 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை தோப்பைக் கடந்து தொலைவு செல்லும். 2300 மெகாஹெர்ட்ஸும், 5ஜிக்கான 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவையும் அதிகத் தரவைச் சுமக்கும். ஆனால் எளிதில் தடைபடும். தகரக் கூரையும் கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் அலையைத் தடுப்பவை. ஆகவே வீட்டுக்குள் வராத சிக்னல் மொட்டை மாடியில் வரக்கூடும். ஒரு கைப்பேசியைக் கோபுரம் உள்ள திசையில் உயரமான, நிழலான இடத்தில் வைத்து ‘ஹாட்ஸ்பாட்’ இயக்கி, மற்றொன்றை உள்ளே பயன்படுத்தலாம். செலவில்லாத இம்முறை பல வீடுகளில் போதுமானது. கடைகளில் விற்கும் சிக்னல் பூஸ்டரை அனுமதியின்றிப் பொருத்துவது சட்டப்படி குற்றம். அக்கம்பக்கத்தாரின் சிக்னலையும் கெடுக்கும். 5ஜி எல்லையில் உள்ள இடங்களில் கைப்பேசி இரண்டிற்கும் இடையே தாவித் தாவித் தடுமாறும். அங்கு 4ஜி மட்டும் என நிலைப்படுத்துவது நல்லது.

சிக்னல் நன்றாக இருந்தும் மெதுவாக இருந்தால் நெரிசலைச் சந்தேகிக்க வேண்டும். விடியற்காலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் ஒரே இடத்தில் வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘மைஸ்பீட்’ செயலி இதற்கு உதவும். காலையில் நன்றாகவும் இரவில் மோசமாகவும் இருந்தால், மடைகள் பல திறந்துள்ளன என்று பொருள். சுற்றுலாப் பயணிகள் வந்து குவியும் வார இறுதியில் இது மேலும் கூடும். இதற்குப் புதுக் கைப்பேசி மருந்தல்ல. பதிவுகளை அதிகாலையில் முடிக்கலாம். அல்லது வேறு நிறுவனத்தின் சிம் உள்ள பக்கத்து வீட்டாரின் கைப்பேசியை உங்கள் வயலிலேயே சோதித்துவிட்டு மாறலாம். எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாற, ‘போர்ட்’ என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் இட்டு, இடைவெளி விட்டு, உங்கள் எண்ணையும் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி நிறுவனங்கள் சேவை எட்டும் இடங்களின் வரைபடத்தை வெளியிட வேண்டும். அதையும் பார்க்கலாம், ஆனால் முந்திரித் தோப்பின் உள்ளே நிலைமை என்ன என்பதை வரைபடம் சொல்லாது.

மற்றொரு காரணம் மிக எளியது. அன்றாடத் தரவு ஒதுக்கீடு தீர்ந்ததும் பல திட்டங்களில் வேகம் நொடிக்கு 64 கிலோபிட் ஆகக் குறைக்கப்படுகிறது. ஒரு மெகாபைட் அளவுள்ள பயிர்ப் படம் போய்ச் சேர 2 நிமிடத்திற்கு மேலாகும். இதை அறியாமல் நானே புதுக் கைப்பேசி வாங்கியவன். வாங்கிய பிறகுதான் பகலெல்லாம் பிள்ளைகள் படம் பார்த்து ஒதுக்கீட்டைத் தீர்த்தது தெரிந்தது! வாட்ஸ்அப்பில் படங்கள் தாமாக இறங்குவதையும், செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதையும் நிறுத்திவைத்தால் ஒதுக்கீடு மாலைவரை நிற்கும்.

புயல் காலத்திற்கு இவை எதுவும் போதாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மின்சாரம் நின்றால் கோபுரம் மின்கலத்திலும் டீசல் மின்னாக்கியிலும் இயங்கும். அவை தீர்ந்தால் அதுவும் நிற்கும். ஆகவே செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கையை அன்றே படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ள வேண்டும். குறுஞ்செய்திக்கு இணையம் தேவையில்லை. நலிந்த சிக்னலிலும் அது வந்து சேரும். எனவே எச்சரிக்கைக் குறுஞ்செய்திகளை ஒருபோதும் தடை செய்து வைக்காதீர்கள்.

குறை நீடித்தால் 198-ஐ அழைத்துப் புகார் எண்ணைப் பெற்று எழுதிவைத்துக்கொள்ளவும். ஒரே தெருவில் பத்துப் பேர் தனித்தனியே, தாம் எடுத்த டிபிஎம் அளவு, நேரம், இடம் ஆகியவற்றைக் குறிப்பிட்டுப் புகார் செய்வது, ‘நெட் வரவில்லை’ என்று ஒருவர் பலமுறை சொல்வதைக் காட்டிலும் பலன் தரும்.