மதிப்புரையும் நிறைகோலும்

கொங்கு நாடு தொழில் வளம் மிக்க நாடாகும். கோயம்புத்தூரில் 1888-ஆம் ஆண்டில் தொடங்கிய நூற்பாலைத் தொழில் நாளடைவில் பல்கிப் பெருகியது. நீர் இறைக்கும் பம்பும் மாவரைக்கும் கிரைண்டரும் இந்நகரின் பெயரை எங்கும் பரப்பின. பவானியின் ஜமக்காளமும் சென்னிமலையின் போர்வையும் இல்லந்தோறும் விளங்குகின்றன. இப்பொருள்களின் உருவும் அளவும் தாமே அமைந்தவை அல்ல. பயன்படுத்துவோரின் தேவையை எண்ணி வகுக்கப்பட்டவை. அவ்வாறு வகுக்கும் கலையே வடிவமைப்பு.

இக்கலை நம் நாட்டில் தனிக் கல்வியாக வளர்ந்த வரலாறு அறியத்தக்கது. அமெரிக்க நாட்டு வடிவமைப்பாளராகிய சார்லஸ் ஈம்ஸ், அவர்தம் மனைவியார் ரே ஈம்ஸ் ஆகிய இருவரும் 1958-ஆம் ஆண்டில் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தனர். நம் வீடுகளில் நீர் முகக்கும் செம்பினை அவர்கள் அதிற் பெரிதும் பாராட்டினர். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும்? தலையிற் சுமப்பதா, இடுப்பில் ஏந்துவதா? ஏந்தும் கை எத்தகையது? விலை என்ன? இவ்வாறு ஒரு சிறு கலத்தைக் குறித்துப் பல வினாக்களை அவர்கள் அடுக்கினர். அவ்வறிக்கையின் பயனாக 1961-ஆம் ஆண்டில் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

பொருளை வினவி அறிதல் போலவே, பொருளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையையும் வினவி அறிதல் வேண்டும். ஆதலின், வடிவமைப்புப் பயிலும் மாணவர் பிறர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளைக் கற்று, அவற்றுக்கு மதிப்புரை எழுதப் பழகுகின்றனர். தொடக்கத்தில் அவர்களிற் பலர் இரு வழிகளில் இடறுவர். கட்டுரையில் உள்ளதைச் சுருக்கித் தந்து அமைவோர் ஒரு சாரார். குற்றம் ஒன்றையே தேடித் திரட்டுவோர் மற்றொரு சாரார். இரண்டும் மதிப்புரை ஆகா.

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரைக் கொங்கு நாட்டினர் எனக் கூறுவோர் உளர். சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட அவர் இயற்றிய அந்நூலின் பாயிரம், நூலுக்குரிய குற்றம் பத்து எனக் கூறுவதோடு அமையாது, அழகும் பத்து என வகுக்கின்றது. குற்றத்தை எண்ணிய அளவே குணத்தையும் எண்ணுதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். பிறர் கொள்கையை உடன்படுதலும் மறுத்தலும், இருவர் மாறுபடுமிடத்து ஒன்றைத் துணிதலும் நூலாசிரியர்க்கு உரியன என்றும் அப்பாயிரம் கூறுகின்றது. பாலைக் கொண்டு நீரை நீக்கும் அன்னத்தைத் தலைமாணாக்கருக்கும், நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் பன்னாடையைக் கடைமாணாக்கருக்கும் அது உவமை ஆக்குகின்றது. குற்றமே தேடுவோர் இப்பன்னாடையை ஒப்பர்.

இம்முறையினை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பவானியில் ஜமக்காளம் நெய்வோர் குழித்தறியில் நெடுநேரம் அமர்ந்து உழைப்பர். தறியின் இருக்கையைச் சற்று உயர்த்தினால் முதுகு வலி குறையும் என ஒருவர் ஆய்ந்து எழுதினார் எனக் கொள்வோம். இளைஞர் பதின்மரை ஒரு வாரம் புதிய இருக்கையில் அமர்த்தி அவர் வினவினார்; வலி குறைந்தது என்றனர்; ஆதலின் எல்லாத் தறிகளையும் மாற்றுக என முடித்தார்.

மதிப்புரை எழுதும் மாணவர், கட்டுரையாளர் எடுத்துக்கொண்ட வினா, ஆய்ந்த முறை, கண்ட பயன் ஆகியவற்றை முதற்கண் தம் சொல்லால் திரிபின்றி உரைத்தல் வேண்டும். கட்டுரையாளரே அதனைப் படித்து, “என் கருத்து இதுவே” என ஒப்புமாறு அஃது அமைதல் வேண்டும். அடுத்து, சான்றினை ஆராய்தல் வேண்டும். முதியோரும் பெண்டிரும் ஆய்வில் இடம்பெற்றனரா? ஒரு வாரத்தில் தோன்றிய நலம் ஓராண்டு நிலைக்குமா? பழைய இருக்கையிலும் அவர்களை அமர்த்தி ஒப்புநோக்கியது உண்டா? நெசவின் அளவு குறைந்ததா? இவற்றுக்கு விடை இல்லையேல், பதின்மரிடம் கண்டதனை அனைவர்க்கும் உரைத்தல் சான்றின் எல்லையைக் கடந்ததாகும்.

இறுதியில் தம் முடிவினைக் காரணத்தோடு கூறுதல் வேண்டும். நெசவாளர் துன்பத்தைக் கருதியது இக்கட்டுரையின் சிறப்பு. சான்று போதாமை அதன் குறை. பல வயதினரிடம் பல திங்கள் ஆய்தல் இனிச் செய்யத்தக்கது. இவ்வாறு எழுதுவதே முறை. குறை கட்டுரையின்பாற்பட்டது, எழுதியவரை இகழ்தல் ஆகாது.

ஆராயாது புகழ்ந்தால் நேர்வது என்ன? கூட்டுறவுச் சங்கம் ஒன்று அதனை நம்பிப் பொருளைச் செலவிடும், தறி மாறும், வலி மாறாது. ஆராயாது இகழ்ந்தாலோ, நெசவாளர்க்கு நலம் தரக்கூடிய நல்ல கருத்தொன்று முளையிலேயே கருகும். இருவகையிலும் இழப்பு எய்துவோர் தறிக்குழியில் அமர்ந்திருக்கும் உழைப்பாளரே ஆவர். ஆசிரியர்க்கு நிறைகோலை உவமை கூறினார் பவணந்தியார். ஒரு பக்கம் சாயாது எடையை உள்ளவாறு காட்டும் அக்கோலின் இயல்பு, மதிப்புரை எழுதுவோர்க்கும் இன்றியமையாததாகும்.