‘ட்ரிப்பர்’ அடிக்கடி விழுகிறதா? எரிச்சல் வேண்டாம், காரணத்தைத் தேடுங்கள்

மழை இரவு. உங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் இல்லை. “ட்ரிப்பர் விழுந்திருச்சு, தூக்கி விடுப்பா” என்கிறார் அம்மா. தூக்கினால் மறுபடியும் விழுகிறது. மறுநாள் வருபவர், “இது சும்மா தொல்லை பண்ணுது சார், நேரா கொடுத்திடறேன்” என்று அதைத் தவிர்த்து வயரை இணைத்துவிட்டுப் போகிறார். விளக்கு எரிகிறது. ஆனால் வீட்டுக்கு இருந்த உயிர்க்காவல் போய்விட்டது!

எம்.சி.பி. வேறு, ஆர்.சி.சி.பி. வேறு

எம்.சி.பி. வயரைக் காக்கும். அளவுக்கு மீறி லோடு ஏறினாலோ, ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ விழும். ஆர்.சி.சி.பி. ஆளைக் காக்கும். வீட்டுக்குள் போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று கணக்குப் பார்த்து, கசிவு இருந்தால் நொடிக்கும் குறைவான நேரத்தில் துண்டிக்கும்.

10 ஆம்பியர் எம்.சி.பி. மட்டும் போதாதா? போதாது. 0.1 ஆம்பியர் உடலில் பாய்ந்தாலே உயிர் போகலாம், எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. அதனால்தான் வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தேவை.

மாதம் ஒருமுறை சோதனை

1. கணினி போன்றவற்றை முதலில் அணைத்துவிடுங்கள்.
2. கரண்ட் இருக்கும்போது, உலர்ந்த கையால் ‘டெஸ்ட்’ பட்டனை அழுத்துங்கள்.
3. சட்டென்று விழுந்தால் நல்லது, தூக்கி விடுங்கள்.
4. விழவில்லையா? எலக்ட்ரீஷியனை அழைத்து உடனே மாற்றுங்கள்.

பெட்டியில் அப்படி ஒரு பட்டனே இல்லையென்றால், உங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. இல்லாமலிருக்கலாம். எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். இந்தப் பட்டன் எர்த் வயரைச் சோதிக்காது. அதைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

விழுந்துகொண்டே இருந்தால்

எல்லா பிளக்குகளையும் கழற்றுங்கள். எம்.சி.பி.க்களை இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள். பிறகு எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ, அந்த லைனில்தான் கோளாறு. எல்லாம் நின்றால், சாதனங்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் கீசர், கிரைண்டர், மோட்டார் ஆகியவற்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும். எல்லாம் இறக்கியிருந்தும் விழுந்தால் நியூட்ரலில் கோளாறு இருக்கலாம். அது எலக்ட்ரீஷியன் வேலை.

நீங்கள் செய்யக் கூடாதவை

• பெட்டியைத் திறக்காதீர்கள். மெயினை அணைத்தாலும் மீட்டரிலிருந்து வரும் வயரில் மின்சாரம் இருக்கும்.
• அடிக்கடி விழுகிறதே என்று பெரிய எம்.சி.பி. போடச் சொல்லாதீர்கள். விளக்குக்கான 1.5 சதுர மி.மீ. வயரில் 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால், அது விழும் முன் வயர் உருகிவிடும்.
• கருகல் வாடை, சூடு, ‘சர்ர்’ என்ற சத்தம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். திருகு தளர்ந்திருக்கலாம்.

வாங்கும்போது

ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். அதோடு உள்ள உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் முத்திரை உண்மையா என்று தெரிந்துவிடும். பொருத்த வருபவரிடம் மின் கம்பியாளர் உரிமம் உள்ளதா என்றும் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

அவசரத்தில்

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள், பிறகு 108. தெருவில் மின்கம்பி அறுந்து கிடந்தால் யாரையும் அருகே விடாமல், மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இப்போதே கைபேசியில் ஒரு நினைவூட்டல் வையுங்கள்: ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி, டெஸ்ட் பட்டன். ஒரு நிமிட வேலைதான்.